கருங்காலித் தகடு: மிதத்தல் பற்றிய ஒரு விவாதத்தின் வரலாறு

அறிவியலின் வரலாறு பெரும்பாலும் வெற்றி பெற்றோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒருபுறம் உண்மையைக் கண்ட மேதை, மறுபுறம் பழமையைப் பற்றிநின்ற பண்டிதர் என்ற பாகுபாடு நமது பாடநூல்களிலும் ஊறிப்போயுள்ளது. இப்பாகுபாடு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதற்கு, 1611ஆம் ஆண்டில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் எழுந்த விவாதமொன்று தக்க சான்றாக அமைகின்றது. பொருள்கள் நீரில் மிதப்பதும் அமிழ்வதும் ஏன் என்பதே அவ்விவாதத்தின் பொருளாகும்.

அதற்கு முந்திய ஆண்டிலேதான் கலிலியோ பாதுவாப் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கி, தொஸ்கானியின் பெருங்கோமகன் இரண்டாம் கோசிமோவின் அவையிற் கணிதவியலாளராகவும் மெய்யியலாளராகவும் அமர்ந்திருந்தார். 1611ஆம் ஆண்டுக் கோடையிற் பனிக்கட்டி பற்றிய உரையாடலொன்று பிணக்காக வளர்ந்தது. குளிர் பொருள்களைச் செறியச் செய்வதால் பனிக்கட்டி செறிந்த நீரே என்றும், அது மிதப்பதற்கு அதன் அகன்ற வடிவமே காரணம் என்றும் அரிஸ்ரோட்டிலின் வழிவந்தோர் கூறினர். கலிலியோ இதனை மறுத்தார். பனிக்கட்டி நீரினும் ஐதானது; எனவேதான் எவ்வடிவினதாயினும் மிதக்கின்றது. அகன்ற வடிவம் நீரைப் பிளக்க இயலாததாயின், அடியில் அமிழ்த்தி விடப்பட்ட பனிக்கட்டி நீரைப் பிளந்துகொண்டு மேலெழுவது எங்ஙனம் என அவர் வினவினார்.

கலிலியோவின் வாதத்திற்கு அடிப்படையாயிருந்தவை கி.மு. 3ஆம் நூற்றாண்டினரான ஆர்க்கிமிடீஸின் கருத்துகளாகும். மிதக்கும் பொருள்கள் பற்றிய அவரது நூல் 1269இல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, அதன் முதற்பகுதி 1543இலும் இரு பகுதிகளும் 1565இலும் அச்சேறியிருந்தன. பொருளொன்று இடம்பெயர்க்கும் நீரின் நிறையே அதன்மீது தொழிற்படும் மேலுதைப்பு என்பது அந்நூலின் சாரம்.

இந்நிலையில் லுடோவிக்கோ டெல்லே கொலம்பே என்பார் களத்திற் புகுந்தார். கருங்காலியாற் செய்த உருண்டையொன்றை நீரிலிட்டார்; அது அமிழ்ந்தது. அதே மரத்தின் மெல்லிய தகட்டை நீர்ப்பரப்பின்மீது வைத்தார், அது மிதந்தது. பொருள் ஒன்றே, வடிவம் மட்டுமே வேறு. ஆகவே வடிவமே காரணம் என்பது அவர் முடிபு. அரிஸ்ரோட்டில் இவ்வளவு தூரம் சென்றவரல்லர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. வடிவம் இயக்கத்தின் விரைவையே பாதிக்கும், மேலெழுதலுக்கோ கீழிறங்கலுக்கோ அது காரணமன்று என்றே அவர் கூறியிருந்தார். எனினும் அகன்ற இரும்புத் தகடு மிதப்பதையும் அவர் எடுத்துக்காட்டியிருந்தமை பின்வந்தோருக்கு வாய்ப்பாயிற்று.

அதே ஆண்டு ஒக்ரோபரிற் பெருங்கோமகனின் விருந்து மேசையிலும் இவ்வாதம் தொடர்ந்தது. அங்கிருந்த கர்தினால்கள் இருவருள் கொன்சாகா எதிரணியையும், மஃபேயோ பார்பெரினி கலிலியோவையும் ஆதரித்தனர். அன்று துணைநின்ற பார்பெரினியே பின்னர் எட்டாம் ஊர்பன் என்னும் பாப்பரசரானார். அவர் ஆட்சியிலேயே 1633இல் கலிலியோ தண்டிக்கப்பட்டார்.

1612இல் கலிலியோ தமது விடையை நூலாக வெளியிட்டார். ஈயத்துகள் சேர்த்து நீரின் அடர்த்திக்கு மிக அண்மையதாக்கிய மெழுகை எவ்வடிவில் ஆக்கினும், சிறிதளவு ஈயம் கூடினால் அமிழும், குறைந்தால் எழும் எனக் காட்டினார். கருங்காலித் தகட்டையும் கூர்ந்து நோக்கினார். அது நீர்ப்பரப்பினும் சற்றுத் தாழ்ந்தே கிடந்தது. சுற்றிலும் நீர் சிறு வரம்புபோல் நின்றது. பள்ளத்திற் காற்று நிறைந்திருந்தது. காற்றும் தகடும் சேர்ந்த தொகுதி நீரினும் இலேசானது என்பது அவரது விளக்கம். தகடு முற்றாக நனைந்தால் அமிழ்ந்துவிடும் என்பதையும் அவர் சுட்டினார்.

ஆயின் அவ்வரம்பு ஏன் உடைந்து தகட்டை மூடவில்லை? காற்றுக்கும் திண்மத்துக்கும் இடையே ஒருவகைக் கவர்ச்சியுண்டு என்பதற்கு அப்பால் அவராற் செல்ல இயலவில்லை. நீர் பிளவுறுதலைச் சிறிதும் எதிர்ப்பதில்லை என்றும் அவர் வற்புறுத்தினார். நீர்ப்பரப்பு இழுபட்ட மென்றோல் போலத் தொழிற்படுகின்றது என்னும் பரப்பிழுவிசைக் கருத்து, 1805ஆம் ஆண்டளவில் யங், லாப்லாஸ் ஆகியோராலேயே கணித வடிவம் பெற்றது. ஆகவே எதிரணியினரின் விளக்கம் பிழையாயினும், அவர்கள் காட்டிய காட்சி பொய்யன்று. கலிலியோவின் கோட்பாடு சரியாயினும், அக்காட்சிக்கு அது முழு விடையுமன்று. அத்தகடு இல்லாதிருப்பின் அவர் நீர்வரம்பை அவ்வளவு கூர்ந்து நோக்கியிருப்பாரா என்பதும் சிந்தித்தற்குரியது.

இன்னொன்றும் நமது கவனத்திற்குரியது. அறிஞர் மொழியாகிய இலத்தீனை விடுத்து இத்தாலிய மொழியிலேயே கலிலியோ இந்நூலை எழுதினார். எதிர்நூல்களும் அம்மொழியிலேயே தோன்றின. கற்றோர் மன்றத்தில் ஒடுங்கியிருக்கக்கூடிய வாதம் அதனாற் பொதுமக்கள் முன் வந்தது. தாய்மொழி மூலம் உயர்கல்வி பெறும் நமக்கு இஃது உணர்த்துவது சிறிதன்று. விவாதத்தில் வென்றவரைப் போற்றுவதோடு அமையாது, தோற்றவர் முன்வைத்த வினாவுக்கு விடை கிடைத்ததா எனவும் தேடுதலே வரலாற்று மாணவரின் கடனாகும்.