பாதி வழியில் முதலிடம்

போன வருடம் ஒரு அரை மராத்தானுக்குப் பேர் கொடுத்தேன். 21.1 கிலோமீட்டர். பயிற்சி என்று பார்த்தால் மூன்றே வாரம். அதிகபட்சமாக ஓடியது 7 கிலோமீட்டர். “அஞ்சு கிலோமீட்டரை அரை மணி நேரத்துல முடிக்கிறல்ல? அப்போ இது ரெண்டு மணி நேரம் சொச்சம், அவ்ளோதான்டா” என்றான் ஆபீஸ் நண்பன். கணக்கில் தப்பில்லை. 14-ஆவது கிலோமீட்டரில் முழங்கால் மக்கர் பண்ணியது. மிச்சத்தை நொண்டியபடி நடந்தே முடித்தேன். அடுத்த இரண்டு வாரம் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது.

அந்த நாட்களில்தான் 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் மராத்தானைப் பற்றித் தேடிப் படித்தேன். எனக்கு முன்னால் இதே கணக்கைப் போட்டவர்கள் அங்கே இருந்தார்கள். அதுவும் சாதாரண ஆட்கள் இல்லை.

பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பிரேயல் சொன்ன யோசனை அது: மராத்தான் ஊரிலிருந்து ஏதென்ஸ் வரை ஓட்டம், சுமார் 40 கிலோமீட்டர். ஏப்ரல் 10 அன்று 17 பேர் கிளம்பினார்கள். அதில் வெளிநாட்டுக்காரர்கள் நான்கே பேர். அவர்களில் மூன்று பேர், மூன்று நாள் முன்பு 1500 மீட்டரில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்கள்: ஆஸ்திரேலியாவின் எட்வின் ஃப்ளாக், அமெரிக்காவின் ஆர்தர் பிளேக், பிரான்சின் லெர்முசியோ. ஃப்ளாக் லண்டனில் கணக்காளர் வேலை பார்த்தவர். மராத்தானுக்கு முந்தின நாள்தான் 800 மீட்டரையும் ஜெயித்திருந்தார். 40 கிலோமீட்டர் தூரத்தை மூவருமே அதுவரை ஓடிப் பார்த்ததில்லை.

லெர்முசியோ ஆரம்பத்திலேயே பறந்தார். பாதி வழியில், பிக்கெர்மி கிராமத்தைத் தாண்டும்போது அவர்தான் முன்னால். ஃப்ளாக்கும் பிளேக்கும் பின்னால். அங்கேயே ரிப்பன் கட்டியிருந்தால் லெர்முசியோ ஜெயித்திருப்பார். அதற்கப்புறம் ஏற்றம். பிளேக் 23-ஆவது கிலோமீட்டர் வாக்கில் நின்றுவிட்டார். லெர்முசியோ 32 வாக்கில். முன்னிலைக்கு வந்த ஃப்ளாக், ஏதென்ஸுக்குச் சில கிலோமீட்டர் இருக்கையில் சுருண்டு விழுந்தார். மூன்று பேரில் ஒருவர்கூட முடிக்கவில்லை.

ஜெயித்தவர் ஸ்பிரிடோன் லூயிஸ். மரூசி ஊரிலிருந்து ஏதென்ஸுக்குத் தண்ணீர் சுமந்துபோய் விற்றவர். 2 மணி 58 நிமிடம் 50 விநாடி. வழியில் ஒரு டம்ளர் ஒயின் குடித்தாராம், “எல்லாரையும் பிடிச்சிடுவேன்” என்றாராம். பயிற்சியே இல்லாத கிராமத்தான் மன உறுதியால் ஜெயித்த கதையாக இதைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பேர் கொடுத்ததற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

ஆனால் அந்த வருடம் கிரேக்கர்கள் ஒலிம்பிக்குக்கு முன்னாலேயே இரண்டு தேர்வு ஓட்டங்கள் நடத்தியிருந்தார்கள். முதலாவதில் ஜெயித்த வாசிலாகோஸ்தான் ஒலிம்பிக்கில் இரண்டாவதாக வந்தார். லூயிஸ் இரண்டாவது தேர்வில் ஓடி ஐந்தாவதாக வந்தவர். தண்ணீர் சுமந்து நடந்த வருடங்கள் வேறு. அதையெல்லாம் பயிற்சி என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது வெளிநாட்டுக்காரர் ஹங்கேரியின் கெல்னர். ஊரிலேயே ஒருமுறை அந்தத் தூரத்தை ஓடிப் பார்த்துவிட்டு வந்தவர். வெளிநாட்டவரில் முடித்தது அவர் மட்டும்தான். அவருக்கு முன்னால் மூன்றாவதாக வந்த பெலோகாஸ் வழியில் கொஞ்ச தூரம் வண்டியில் வந்தது தெரியவர, மூன்றாமிடம் கெல்னருக்கே போனது.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். வேகமாக ஓடினால் தசையில் சேர்த்துவைத்த கிளைக்கோஜன் சீக்கிரம் தீர்ந்துபோகும். மூச்சு வாங்கவில்லையே என்று நாம் வேகத்தைக் கூட்டும்போது கால் ஏற்கெனவே கடனில் ஓடிக்கொண்டிருக்கும். சின்ன தூரத்து வேகத்தைப் பெரிய தூரத்தால் பெருக்கும் கணக்கில் இது எதுவும் வராது. ஃப்ளாக்குக்கே வரவில்லை.

இந்த வருடமும் நண்பன் அழைப்பு அனுப்பியிருக்கிறான். அடுத்த வருஷம் பார்க்கலாம்டா என்று பதில் போட்டேன். இப்போதைக்கு ஞாயிறுதோறும் 9 கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில்.