மண்டகப்பட்டுக் குடைவரையும் திருக்கோயிற் பணியும்

திருக்கோயில் நிலைபெறுவது கல்லின் வலியாலோ அடியவர் அன்பாலோ என்னும் வினாவுக்கு விடையாகும் சான்றுகள் இரண்டு விழுப்புரத்தின் அயலிலே உள்ளன. ஒன்று, செஞ்சிக்குச் செல்லும் பெருவழியை அடுத்த மண்டகப்பட்டுக் குடைவரை. மற்றொன்று, மூவர் திருப்பதிகமும் பெற்ற திருவாமாத்தூர்.

மண்டகப்பட்டுக் குடைவரையை ஆக்குவித்தோன், கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் காஞ்சியிலிருந்து அரசு செலுத்திய முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன். பிரமன், ஈசுவரன், விட்டுணு என்னும் மூவர்க்கும் உரிய இவ்வாலயத்தை, விசித்திரசித்தன் என்னும் வேந்தன் செங்கல், மரம், உலோகம், சுதை என்பன இன்றி அமைத்தான் என்று, ஆங்குக் கிரந்த எழுத்திற் பொறித்த வடமொழிச் சாசனம் கூறுகின்றது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனது விருதுப்பெயர். தான் கொண்ட பொருளைக் கூறாது, விலக்கிய பொருள் நான்கனையும் அவன் எண்ணிக் கூறியமை நோக்கத்தக்கது. அந்நாளைக் கோயில்கள் அந்நான்கினாலேயே எடுக்கப்பெற்றன என்பது இதனாற் பெறப்படும். இறந்தோர்க்குக் கல் நிறுத்தும் வழக்குண்மையின் கோயிற்பணிக்குக் கல்லைக் கொள்ளாது விடுத்தனர் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர்.

குடைவரையின் முகப்பில் இரு தூண்களும், இரு மருங்கும் அரைத்தூண்களும் உள்ளன. தூண்கள் அடியும் முடியும் சதுரமாய், இடை எண்பட்டையாய் அமைந்தவை. முகப்பின் இரு கோடியிலும் மாடங்களில் வாயிற்காவலர் நிற்கின்றனர். உள்ளே மண்டபமும், பின்சுவரிற் குடைந்த மூன்று கருவறைகளும் காணப்படும். சாசனத்தின் பெயர்முறைப்படி நடுவறை ஈசனுக்கு உரியதென்பர். அருகிலுள்ள தளவானூர்க் குடைவரையும் இவ்வேந்தன் பணியே. அவன் மரபில் வந்த இராசசிம்மன் காலத்தில், கல்லை அடுக்கி எடுத்த கற்றளி இந்நாட்டுப் பனைமலையில் எழுந்தது.

திருநாவுக்கரசு சுவாமிகள் மகேந்திரன் காலத்தவர். அடிகள் பாடிய தளிகளிற் பெரும்பாலன அவ்வேந்தன் விலக்கிய செங்கல்லாலும் மரத்தாலும் ஆயினவே. அழியாப் பொருளாற் செய்த மண்டகப்பட்டில் மூன்று அறைகளும் இன்று வெறுமையாயுள்ளன, பூசையும் இல்லை. அழியும் பொருளால் ஆகிய பாடல்பெற்ற தளிகளோ, பிற்காலத்திற் கற்றளிகளாகி, இன்றும் வழிபாடு குன்றாது விளங்குகின்றன. திருவாமாத்தூரும் அவற்றுள் ஒன்று. பதிகம் ஓதுவாரும் விளக்கிடுவாரும் வழிவழி உளராயினமையே இதற்குக் காரணம். வேந்தன் உளி பாறையைக் குடைந்தது. அடிகள் திருக்கையிலிருந்த உழவாரமோ திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கியது. நிலைத்த பணி எது என்பதை அறிஞர் உணர்வாராக.

இதனாற் கல்லைப் போற்றவேண்டாம் என்பது கருத்தன்று. 10-ஆம் நூற்றாண்டிற் செங்கற்றளிகள் பலவற்றைக் கற்றளிகளாக்கிய செம்பியன் மாதேவியார், திருக்கோடிகாவில் திருப்பணி செய்தகாலை, பழைய கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் புதிய சுவரிற் பொறிப்பித்தனர். முன்னோர் செய்த அறம் தம் பணியால் மறைதலாகாது என்பதே அம்மையார் திருவுள்ளம். இந்நாளில் திருப்பணி மேற்கொள்ளும் அன்பர், எழுத்துள்ள சுவரிற் சுண்ணம் பூசியும் பழங்கல்லைப் பெயர்த்தெறிந்தும் புதுமை செய்ய முற்படுமுன், அவ்வம்மையாரை ஒருகாற் சிந்தித்தல் கடன். மகேந்திரனது எழுத்து எஞ்சியிராவிடின் அவன் செயல் எவர்க்கும் தெரிந்திராது. அன்பு எஞ்சியிராவிடின் திருவாமாத்தூரும் வெறும் பாறையேயாம். இரண்டனையும் ஒருங்கே காத்தல் சைவர் அனைவர்க்கும் உரிய தொண்டாகும்.