டயரில் ஒரு கல்வெட்டு: ஸ்போர்ட்ஸ் கார் டயர் அளவுகளின் வரலாறு

மோட்டார் கார் ஓடாத தெரு இல்லை; அதன் டயரைக் காணாதவரும் இல்லை. ஆயினும், டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் எண்களையும் எழுத்துகளையும் நின்று படித்தவர் நம்முள் மிகச் சிலரே. கல்வெட்டு ஒன்றைக் கண்டால் அரசன் யார், ஆண்டு யாது, கொடுத்த நிலம் எவ்வளவு என்று ஆராயும் நாம், நம் உயிரைத் தாங்கி உருளும் டயரின் எழுத்தை ஆராய்வதில்லை. அதுவும் ஒரு கல்வெட்டே. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் அதில் சுருங்கிக் கிடக்கிறது.

விரைந்தோடுவதற்கென்றே அமைந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் வரலாற்றை நோக்கினால் இவ்வுண்மை நன்கு விளங்கும். ‘அகலமான டயரே சிறந்த டயர்’ என்னும் எண்ணம் இன்று பலரிடம், சிறப்பாக இளைஞரிடம், வேரூன்றியுள்ளது. காருக்கு வந்த டயரைக் கழற்றிவிட்டு அதனினும் பெரியதை மாட்டிக்கொள்வது ஓர் அழகாகவும் கருதப்படுகிறது. அவ்வெண்ணம் சரிதானா? ஜெர்மனியில் பிறந்த கார் ஒன்றின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

காற்றின் மேல் உருண்ட சக்கரம்

காற்றடைத்த சக்கரத்தை முதன்முதல் எண்ணியவர் ஸ்காட்லாந்துக்காரரான இராபர்ட் வில்லியம் தாம்சன் ஆவார். அவர் 1845இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அவர் கண்ட பொருள் வழக்கத்தில் நிலைக்கவில்லை. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓட வேண்டும் என்று முயன்று, அதே கருத்தைத் தாமாகவே மீண்டும் கண்டு, 1888இல் காப்புரிமை பெற்றார். 1895இல் பிரான்சு நாட்டு மிஷெலின் சகோதரர் காற்றடைத்த டயர் பூட்டிய காரைப் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் ஓட்டினர். வழியெல்லாம் டயர் துளைபட்டது. உரிய நேரத்துக்குள் அவர்கள் வந்து சேரவும் இல்லை. எனினும், காரும் காற்றின்மேல் ஓடலாம் என்பதை உலகம் கண்டுகொண்டது.

டன்லப் காப்புரிமை பெற்ற அதே 1888ஆம் ஆண்டில்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக வந்தார். 1877இல் இங்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்கள் அவருக்கு ஆராய்ச்சிப் பொருளாயின. மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை அவர் வகுத்தார். அம்முறையில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் பெருந்தொகையினர். ஆதலின் டயரின் வரலாறு நமக்கு அயலார் கதையன்று.

குறுக்கு நூலும் ஆர நூலும்

டயர் வெறும் ரப்பர் வளையம் அன்று. அதனுள் நூலடுக்குகள் உள்ளன. அந்நூல்கள் கிடக்கும் முறையே டயரின் வகையை முடிவு செய்கிறது. பழைய டயர்களில் நூலடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து கிடந்தன. இவ்வமைப்பில் பக்கச் சுவரும் தரையைத் தொடும் மேற்பட்டையும் ஒன்றோடொன்று பிணைந்தே அசையும். கார் வளைவில் திரும்பும்போது சுவர் சாய்ந்தால் மேற்பட்டையும் உடன் நெளியும். தரையைப் பற்றும் ஆற்றல் குறையும்.

மிஷெலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற ஆரநூல் டயர், அதாவது ரேடியல் டயர், இக்குறையைப் போக்கிற்று. இதில் நூல்கள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்லும். மேற்பட்டையின் அடியில் எஃகுக் கம்பியாலான வார் ஒன்று சுற்றியிருக்கும். சுவர் தாராளமாக வளையும். மேற்பட்டையோ தரையில் தட்டையாகப் படிந்து நிற்கும். இவ்வாறு ஓயாது வளையும் சுவருக்கு, வளையும்போது குறைந்த வெப்பமே கொள்ளும் இயற்கை ரப்பர் மிகவும் ஏற்றது. செயற்கை ரப்பர் பெருகிய காலத்திலும் நம் தோட்டத்துப் பாலுக்குத் தேவை நீடித்ததற்கு இவ்வகை டயரும் ஒரு காரணம்.

ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்க. முன்சக்கரங்களுக்கு ஆரநூல் டயரும் பின்சக்கரங்களுக்குக் குறுக்குநூல் டயரும் பூட்டினால், வளைவில் முன்புறம் பற்றி நிற்க, பின்புறம் வழுக்கி ஓடிவிடும். தனித்தனியே நல்லவையான இரண்டு டயர்கள் சேருமிடத்தில் தீமையாகின்றன. டயர்த் தேர்வின் முதற்பாடம் இதுவே: நல்ல டயர் எது என்று கேட்பதைவிட, எதனோடு எது பொருந்தும் என்று கேட்பதே அறிவுடைமை.

பின்புறம் கனத்த கார்

இப்பாடத்தைத் தெளிவாகக் காட்டுவது போர்ஷெ 911 என்னும் கார். இது 1963இல் பிராங்பர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரோடு முதலில் காட்டப்பட்டது. மறு ஆண்டு 911 என்று பெயர் மாறிற்று. ஆறு சிலிண்டர் எஞ்சின் இதன் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே, காரின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரங்களின்மேல் விழுந்தது.

அக்காலத்தில் இதன் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவான, 165 மில்லிமீட்டர் அகலமுள்ள, 15 அங்குல டயர்களே பூட்டப்பட்டன. நேர்ச்சாலையில் குறையொன்றும் தோன்றவில்லை. வளைவிலோ வேறு கதை. கனத்த பொருளைத் திருப்புவதற்கு மிகுந்த பக்கவிசை வேண்டும். முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் இருக்கையில், மிகுதியான சுமை தாங்கும் பின்டயர்களே முதலில் தம் எல்லையை எட்டும். ஓட்டுபவர் அஞ்சி, அழுத்தியிருந்த காலை நடுவளைவில் எடுத்தாரானால், எடை முன்னோக்கிச் சாயும்; பின்டயரின் பிடி மேலும் தளரும்; கார் பின்புறம் முன்னாகச் சுழன்றுவிடும். வேகத்தைக் குறைத்தால் பிழைக்கலாம் என்னும் இயல்பான எண்ணமே இங்குக் கேடாயிற்று.

பொறியாளர் பலவாறு முயன்றனர். சில கார்களில் முன் பம்பரின் உட்புறம் இரும்புக் கட்டிகளை வைத்து முன்பாரத்தைக் கூட்டினர். 1969ஆம் ஆண்டு மாடலில் பின்சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளி அமைத்தனர். அவ்வாண்டிலேயே உயர்வகைக் கார்களுக்கு 185 மில்லிமீட்டர் அகல டயர் வந்தது. இறுதியில், 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் காட்டப்பெற்ற கரேரா ஆர்எஸ் 2.7 என்னும் வகையில் நோய்க்கு நேரான மருந்து கிடைத்தது. அதன் முன்சக்கரங்களுக்கு 185/70 விஆர் 15 என்னும் டயரும், பின்சக்கரங்களுக்கு 215/60 விஆர் 15 என்னும் டயரும் பூட்டினர். போர்ஷெ விற்பனைக்குச் செய்த கார்களுள் முன்னும் பின்னும் வெவ்வேறு அகலம் பெற்றது இதுவே முதலாவது.

கல்வெட்டைப் படிக்கும் முறை

இனி அவ்வெழுத்தைப் படிப்போம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் குறிப்பது. ‘வி’ என்பது வேகக் குறி. அக்காலத்தில் மணிக்கு 210 கிலோமீட்டருக்கு மேல் ஓடத் தக்கது என்று அதற்குப் பொருள். ‘ஆர்’ என்பது ஆரநூல் வகை. 15 என்பது டயர் அமரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

வகுப்பில் மாணவர்க்குக் கொடுக்கத் தக்க ஒரு கணக்கும் இதில் உண்டு. முன்டயரின் சுவர் 185இல் 70 விழுக்காடு, அதாவது 129.5 மில்லிமீட்டர். மேலும் கீழும் இரண்டு சுவர் சேர்ந்து 259. பதினைந்து அங்குல ரிம் 381. மொத்த உயரம் 640 மில்லிமீட்டர். பின்டயரின் சுவர் 215இல் 60 விழுக்காடு, அதாவது 129. இரண்டு சுவர் 258. ரிம்மோடு கூட்ட 639. அகலம் 30 மில்லிமீட்டர் கூடியும் உயரத்தில் வேறுபாடு ஒரே மில்லிமீட்டர்!

இது தற்செயல் அன்று. டயரின் உயரம் மாறினால் வேகமானி பொய் சொல்லும். பற்சக்கர விகிதம் மாறும். காரின் நிலை உயரும் அல்லது தாழும். ஆகவே அகலத்தைக் கூட்டும்போது சுவரைக் குறுக்கி உயரத்தைக் காத்தனர். 1978ஆம் ஆண்டு மாடலான 3.3 லிட்டர் டர்போவில் முன்னே 205/55, பின்னே 225/50, ரிம் 16 அங்குலம். இவற்றையும் கணக்கிட்டுப் பார்த்தால் முறையே 632, 631 மில்லிமீட்டர் வரும். முன்டயரையும் பின்னதன் அளவுக்கு அகலமாக்கிக் கொள்ளும் ஒருவர் அழகைக் கூட்டுவதாக எண்ணிக்கொண்டு, பழைய 911இன் நோயை மீண்டும் விலைகொடுத்து வாங்கலாம்.

காற்றும் ஓர் அளவே

டயரின் அளவு ரப்பரில் மட்டும் இல்லை. உள்ளே அடைத்த காற்றிலும் உண்டு. அமெரிக்காவில் செவ்ரலே நிறுவனம் 1960ஆம் ஆண்டு மாடலாக வெளியிட்ட கார்வேர் என்னும் காரும் பின்புறம் எஞ்சின் கொண்டதே. வளைவில் அதனை நிலைநிறுத்தும் பொறுப்பில் பெரும்பங்கு காற்றழுத்தத்திடம் விடப்பட்டது. முன்டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 15 இராத்தல், பின்டயருக்கு 26 இராத்தல் என்பது விதி. நான்கு டயருக்கும் ஒரே அளவாகக் காற்றடித்துப் பழகியவர்களுக்கு இவ்வேறுபாட்டின் முதன்மை எவ்வாறு விளங்கும்? ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய நூலின் முதல் அதிகாரம் இக்காரைக் கடுமையாகச் சாடிற்று. அதே காலத்து ஒத்த கார்களைவிட அது கேடானதன்று என்று 1972இல் அமெரிக்க அரசின் ஆய்வு கூறியது என்பதையும் நடுநிலையோடு குறிப்பிடல் வேண்டும். வழக்கு எவ்வாறாயினும், ஓட்டுபவர் அறியாத அளவின்மேல் அவர் உயிர் தொங்கலாகாது என்னும் பாடம் நிலைத்தது.

மழையும் அகலமும்

மழை மிகுந்த நம் நாடுகளில் மற்றொன்றையும் எண்ண வேண்டும். சாலையில் நீர் தேங்கியிருக்கையில் டயர் அதனை விலக்கிக்கொண்டே தரையைத் தொட வேண்டும். விலக்க இயலாத வேகத்தில் டயர் நீரின்மேல் மிதந்துவிடும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயனற்றுப் போகும். அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சேர்ந்த ஹார்ன், டிரெஹர் என்னும் இருவர் 1963இல் இதனை ஆராய்ந்து, மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று காட்டினர். அவர்கள் சூத்திரப்படி 30 இராத்தல் அழுத்தமுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 91 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். 24 இராத்தலாகக் குறைந்தால் 82 கிலோமீட்டரிலேயே மிதக்கும். விமானச் சக்கரங்களை முதன்மையாகக் கொண்டு கண்ட கணக்காதலின், கார்களுக்கு இதனை வழிகாட்டியாகக் கொள்வதே முறை.

அகலமான டயர் ஒவ்வோர் அடிக்கும் மிகுதியான நீரை ஒதுக்கியாக வேண்டும். அதன் பள்ளவரிகள் தேய்ந்தபின் அந்நீர் போவதற்கு வழி ஏது? உலர்ந்த பந்தயத் திடலில் வெற்றி தரும் அகலமே, மழைநாளில் நெடுஞ்சாலையில் பகையாகலாம்.

வயதும் ஓர் அளவு

டயரில் எழுதியுள்ள மற்றோர் எண்ணும் அறியத் தக்கது. 2000ஆம் ஆண்டு முதல் டயரின் பிறந்த நாள் நான்கு இலக்கங்களால் குறிக்கப்படுகிறது. முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் காட்டும். 2013இல் கலிபோர்னியாவில் போர்ஷெ கரேரா ஜிடி கார் ஒன்று மோதி, அதில் சென்ற இருவரும் உயிரிழந்தனர். அளவு கடந்த வேகமே காரணம் என்று விசாரணை கண்டது. அதனோடு, ஒன்பது ஆண்டு பழமையான டயர்களும் காரின் பிடிப்பைக் குறைத்திருக்கலாம் என்றும் குறிப்பிட்டது. மேற்பட்டை தேயாதிருப்பினும் ரப்பர் முதுமையடையும்.

தேர்வின் முறை

இவற்றால் அறியப்படுவது யாது? காரின் பாரம் எங்கே விழுகிறது என்பதை முதலில் காண வேண்டும். பின்பாரம் மிக்க 911க்கு முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு வேண்டியதாயிற்று. 1989இல் வெளிவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 தன் பாரத்தை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகத் தாங்கியது. அதற்கு நான்கு சக்கரத்துக்கும் 185/60 ஆர் 14 என்னும் ஒரே சிறிய அளவு போதுமானதாயிற்று. 2012இல் வந்த டொயோட்டா 86 காருக்கோ, எரிபொருட் சிக்கனத்துக்குப் பேர்பெற்ற பிரியஸ் காரும் பயன்படுத்திய 215/45 ஆர் 17 டயரையே அதனை வடித்தோர் விரும்பித் தேர்ந்தனர். எல்லையற்ற பிடிப்பைவிட, எல்லை எங்கே உள்ளது என்பதை ஓட்டுபவர் மெல்ல உணர்வதே இன்பம் என்பது அவர்கள் கருத்து.

எனவே டயர் மாற்ற விரும்புவோர் மொத்த உயரம் மாறாமல் பார்க்க; முன்னுக்கும் பின்னுக்கும் விதித்த அளவைக் குலைக்காதிருக்க; வேகக் குறியும் சுமை எண்ணும் விதித்ததற்குக் குறையாதிருக்க; ஒரே அச்சில் இருவகை டயர் கலவாதிருக்க; காற்றைக் கையேட்டின்படி அடிக்க; பிறந்த ஆண்டையும் படிக்க. கடைக்காரர் மிகப் பெரியதை எடுத்துக் காட்டும்போது, ‘என் காருக்கு இது பொருந்துமா?’ என்று கேட்கத் தயங்க வேண்டா.

எத்துணை விரைவான காரும் தரையைத் தொடுவது ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுள்ள நான்கு இடங்களில் மட்டுமே. எஞ்சினின் ஆற்றலும் ஓட்டுபவர் திறமையும் அந்நான்கின் வழியாகவே சாலையைச் சேர வேண்டும். அந்த இடங்களை ஆளும் எழுத்து டயரின் பக்கச் சுவரிலேயே இருக்கிறது. நாளைக் காலை காரில் ஏறுமுன் சற்றே குனிந்து அதனைப் படித்துப் பாருங்கள்.