டோக்கனில் 'பொறுப்பல்ல' என்று போட்டால் தப்ப முடியுமா?

திருத்தணி: மலைக்கோவிலுக்கு வருபவர்கள் லாட்ஜ், ஓட்டல் ஊழியரிடம் வண்டி சாவியை கொடுத்துவிட்டு டோக்கன் வாங்குவது உண்டு. அதில் 'வண்டி காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருந்தால் அவ்வளவுதானா? இல்லை.

1998-ல் டெல்லி தாஜ்மகால் ஓட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய மாருதி கார் திருடு போனது. டோக்கன் வாசகத்தை காட்டி ஓட்டல் கைவிரித்தது. சுப்ரீம் கோர்ட்டு 14.11.2019-ல் இதை ஏற்கவில்லை. உரிய கவனத்துடன் பார்த்துக்கொண்டதை முதலில் ஓட்டல்தான் நிரூபிக்க வேண்டும். ஊழியரின் அலட்சியத்தை அந்த வாசகத்தால் மறைக்க முடியாது என்று தீர்ப்பு கூறியது.

சாவி கை மாறியதுதான் இதில் முக்கியம். நாமே நிறுத்தி, சாவியையும் நாமே வைத்திருந்தால் கதை வேறு.

வண்டி கைக்கு வரும்வரை டோக்கனை தூக்கிப் போடாதீங்க. திருடு போனால் உடனே போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்க. 2 ஆண்டுக்குள் திருவள்ளூர் நுகர்வோர் கோர்ட்டில் வழக்கு போடலாம். ஆலோசனைக்கு நுகர்வோர் உதவி எண்: 1915.