காவ்ஸபான் என்னும் நீலப்பூ

ஹகீம்களின் மருந்துச் சீட்டு வாங்கிப் பழகிய குடும்பங்களில் காவ்ஸபான் என்னும் பெயரைக் கேள்வியுறாதார் சிலரே. நெஞ்சுப் படபடப்புக்கும், மனச்சோர்வுக்கும், நாட்பட்ட சளிக்கும் அதன் இலையும் பூவும் எழுதித் தரப்பட்டன. கமீரா காவ்ஸபான் என்னும் இலேகியம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஆயின், அந்தச் செடி எப்படி இருக்கும் என்று கேட்டால் விற்பவரும் வாங்குபவரும் ஒருங்கே திகைப்பர். கையில் பட்டால் மயிர் குத்தும் காய்ந்த முரட்டு இலை, அவ்வளவே தெரியும். அது உயிரோடு நின்ற தோட்டத்தை நம்மில் கண்டவர் யார்? இந்தச் சிறு கேள்விக்குப் பின்னே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு வரலாறு கிடக்கிறது.

பெயரிலிருந்தே தொடங்குவோம். 'காவ்' என்றால் பாரசீகத்தில் மாடு. 'ஸபான்' என்றால் நாக்கு. அரபியர் இதனை 'லிஸானுத் தவ்ர்' என்றனர். காளையின் நாக்கு என்பது பொருள். கிரேக்கர் 'பூக்ளோஸன்' என்றனர். அதுவும் மாட்டு நாக்கே. சொரசொரப்பான, நீண்ட, மயிரடர்ந்த இலையைத் தடவிப் பார்த்தவன் எவனோ வைத்த பெயர் அது. மூன்று மொழிகளிலும் பொருள் ஒன்றாக இருப்பது கண்டு மகிழத் தோன்றும். ஆனால், வினையே அங்குதான் விளைந்தது.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் தம் மூலிகை நூலில் பூக்ளோஸனைக் குறித்துள்ளார். மதுவில் இட்டுக் குடித்தால் மனத்துக்கு மகிழ்ச்சி தரும் என்பது அவர் கூற்று. அந்நூல் ஒன்பதாம் நூற்றாண்டில், கலீபா முதவக்கிலின் காலத்தில், பக்தாதில் அரபியாக்கம் பெற்றது. மொழிபெயர்த்தவர் இஸ்திஃபான் இப்னு பஸீல். திருத்தியவர் புகழ்பெற்ற ஹுனைன் இப்னு இஸ்ஹாக். இஸ்திஃபான் நேர்மையானவர். அரபியில் பெயர் தெரிந்த மூலிகைக்கு அரபிப் பெயரைத் தந்தார். தெரியாதவற்றைக் கிரேக்க ஒலியிலேயே விட்டுவிட்டு, பின்வரும் அறிஞர் எவரேனும் அறிந்து நிரப்பட்டும் என்று ஒதுங்கினார். அவ்வாறு விடப்பட்ட பெயர்கள் எச்சரிக்கைப் பலகைகளாக நின்றன; படித்தவர் ஐயுற்றனர், தேடினர். பூக்ளோஸனுக்கோ அந்தப் பேறு கிட்டவில்லை. 'மாட்டு நாக்கு' என்பதைப் பெயர்க்கச் செடியைக் காண வேண்டியதில்லையே! சொல் பெயர்ந்தது, செடி பெயரவில்லை. ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் நிலத்தில் எந்த இலை மாட்டு நாக்கைப் போல் இருந்ததோ அதனை அப்பெயருக்கு உரியதாக்கினர். தியோஸ்கோரிதீஸ் குறித்தது அன்கூசா என்னும் இனச் செடி என்பது தாவரவியலார் பலருடைய கருத்து.

பெயர்களைச் செடியோடு ஒட்டிப் பார்க்கும் முயற்சி நடக்காமலும் இல்லை. ஹிஜ்ரி 337இல், அஃதாவது கி.பி. 948-49இல், பைஸாந்தியப் பேரரசர் குர்துபாவின் கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்குத் தியோஸ்கோரிதீஸின் கிரேக்க மூலத்தை ஓவியங்களோடு அன்பளிப்பாக அனுப்பினார். குர்துபாவில் அதனைப் படிக்க ஆள் இல்லை. கி.பி. 951இல் நிக்கோலஸ் என்னும் துறவி வந்து சேர்ந்தார். அவரும், யூத அறிஞர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தும், முஸ்லிம் மருத்துவர்களும் கூடி அமர்ந்து மூலிகைகளை ஒவ்வொன்றாக இனம் கண்டனர். ஏறத்தாழப் பத்து மூலிகைகள் தவிர ஏனையவை ஐயமறத் தெளிந்தன என்று அக்காலத்தை ஒட்டி வாழ்ந்த இப்னு ஜுல்ஜுல் எழுதி வைத்தார். மூன்று சமயத்தார் ஒரு செடியின் பெயருக்காக ஒரே அவையில் அமர்ந்த அக்காட்சியை நம் பள்ளிப் பாடநூல்கள் எடுத்துரைக்காதது வியப்பே.

கிழக்கே, மருத்துவ மேதை இப்னு சீனா (980–1037) இருந்தார். இதயத்துக்குரிய மருந்துகள் பற்றித் தனி நூலே இயற்றிய அவர், லிஸானுத் தவ்ரை மனத்தை மலர்விக்கும் மருந்துகளுள் சிறப்பாக வைத்துப் பேசுகிறார். கரும்பித்தத்தை அகற்றி இதயத்தின் உயிர்ப்பைத் தெளிவிக்கிறது என்பது அவர் தரும் விளக்கம். நமக்கு இங்கு வேண்டுவது இன்னொரு செய்தி. 'அல் கானூன்' நூலில் இச்செடியின் அடையாளத்தை அவர் நுட்பமாக வரைகிறார்: அகன்ற இலை, தொட்டால் முரடு, வெட்டுக்கிளியின் கால் போன்ற சொரசொரத்த தண்டு. குராஸான் நாட்டு இலையே உயர்ந்தது. அது தடித்திருக்கும், அதன் முகத்தில் மயிர்கள் எழும் புள்ளிகள் இருக்கும் என்கிறார். அத்தோடு நின்றாரில்லை. தாம் வாழும் நாட்டில் மருத்துவர்கள் கையாளும் சரக்கில் பெரும்பகுதி மர்வு என்னும் வேறொரு செடியே, அது லிஸானுத் தவ்ர் அன்று, அதன் பயனையும் தராது என்று கண்டிக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடைச்சரக்கு வேறு, நூலிற் கண்டது வேறு ஆகிவிட்டது!

அவர் காலத்தவரான அல்பீரூனிக்கும் இக்கவலை இருந்தது. தாம் சிறுவராய் இருந்தபோது ஊருக்கு வந்திருந்த உரோம நாட்டார் ஒருவரிடம் தானியங்களையும் விதைகளையும் கனிகளையும் எடுத்துச் சென்று, அவற்றுக்கு அவர் மொழியில் என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொண்டதாக 'கிதாபுஸ் ஸைதனா'வின் முகவுரையில் கூறுகிறார். அரபி எழுத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்தின் பெயரே மாறிவிடும் குறையையும் அவர் மறைக்கவில்லை. முதலில் பொருளைக் கையில் எடு, பிறகு பெயரைக் கேள் என்பதே அச்சிறுவனின் முறையாக இருந்தது.

இனி, இச்செடியைக் கையில் எடுத்து வளர்த்தவர்களிடம் செல்வோம். ஸ்பெயினில் எப்ரோ ஆற்றங்கரையில், அரபியர் 'ஸரகுஸ்தா' என்றழைத்த ஸரகோஸா நகரைச் சுற்றிலும் வாய்க்கால் பாயும் காய்கறித் தோட்டங்கள் உள்ளன. அவ்வாய்க்காலை அவர்கள் இன்றும் 'அஸேகியா' என்றே அழைக்கின்றனர். 'அஸ் ஸாகியா' என்னும் அரபிச் சொல்லே அது. அத்தோட்டங்களில் 'போர்ராஹா' என்னும் பெயரில் போராகோ அஃபிஸினாலிஸ் என்ற செடி பயிராகிறது. இப்பெயர் 'அபூ அரக்', அஃதாவது வியர்வையின் தந்தை, என்னும் அரபித் தொடரிலிருந்து வந்தது என்பாரும், முரட்டுக் கம்பளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உளர். அங்கே இது மருந்தன்று, கீரை. பூப்பதற்கு முன்பே, சாறு நிறைந்த இலைக்காம்புகளை அறுத்து, மயிர் போகத் தேய்த்துக் கழுவி, உருளைக்கிழங்கோடு வேகவைத்து ஆலிவ் எண்ணெய் ஊற்றி உண்கின்றனர். இளம் இலையை மாவில் தோய்த்துப் பொரித்துச் சர்க்கரை தூவினால் 'கிரெஸ்பில்யோ' என்னும் பண்டம். தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து விதைப்பவருக்குச் செடியில் ஐயம் ஏது?

பாரசீகத்தில் கதை வேறு. கீலான் மாநிலத்தின் ரூத்ஸர் பகுதியிலுள்ள அஷ்கவர் மலையூர்களில் 'குலே காவ்ஸபான்' பயிராகிறது. அது எக்கியம் அமோயினம். ஸ்பெயின்காரரின் செடியன்று, குடும்பம் மட்டுமே ஒன்று. ஒருமுறை நட்டால் சில ஆண்டுகள் பூக்கும். இளவேனிலின் இறுதியில், வெயில் ஏறுமுன், குடும்பம் குடும்பமாக வயலில் இறங்கிப் பூவின் இதழ்க்குழலை மட்டும் விரலால் உருவி எடுப்பர். பச்சைப் புல்லிவட்டம் கலந்தால் மதிப்புக் குறைந்துவிடும். நிழலில் உலர்த்தினால் நீலம் செவ்வூதாவாகக் கறுக்கும். அதனைக் கொதிநீரில் இட்டு, உலர்ந்த எலுமிச்சையும் கற்கண்டும் சேர்த்து மாலைநேரப் பானமாக அருந்துகின்றனர். எலுமிச்சையின் புளிப்புப் பட்டதும் நீலச்சாறு ரோஜா நிறமாக மாறுவது காணத்தக்கது.

நம் நாட்டுக்கு வருவோம். யூனானி நூல்களோடு காவ்ஸபான் என்னும் பெயர் வந்து சேர்ந்தது. செடி வரவில்லை, மூட்டை வந்தது. நூல்கள் பலவும் போராகோ என்றே எழுதுகின்றன. வடஇந்தியச் சந்தையில் அப்பெயரால் மிகுதியும் விற்பது இமயப் பகுதியின் ஆனோஸ்மா பிராக்டியேட்டம். பம்பாய்ச் சந்தைக்குப் பாரசீகத்திலிருந்து வந்த சரக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்த டைமாக் குழுவினர், அதனைக் காக்ஸினியா என்று கண்டனர். காஷ்மீரில் இதே பெயரின் திரிபால் வழங்கும் ஆர்நீபியா பெந்தாமி உயர்மலைச் செடி. வேரோடு பிடுங்கிப் பிடுங்கி இன்று அருகிவிட்டது. ஒரே பெயரின் கீழ் எத்தனை செடிகள், பாருங்கள்!

எல்லாம் ஒரே குடும்பம்தானே, எதைக் கொடுத்தால் என்ன என்று கேட்பாருக்கு ஒரு மறுமொழி உண்டு. நம் வரப்போரத்துத் தேள்கொடுக்கும், தலைகவிழ்ந்து பூக்கும் கவிழ்தும்பையும் இதே வட்டத்தைச் சேர்ந்தவை. தேள்கொடுக்கைத் தனிக் குடும்பமாகப் பிரிப்பாரும் இன்று உளர். இச்செடிகளில் பலவற்றில் கல்லீரலைக் கெடுக்கும் பிரோலிஸிடின் என்னும் நச்சுக்காரங்கள் உள்ளன. அளவு செடிக்குச் செடி வேறுபடும். ஆப்கானிஸ்தானத்தின் ஹிராத் மாநிலத்தில், குல்ரான் பகுதியில், 1970களின் நடுவில் வறட்சியின் பின் விளைந்த கோதுமையில் தேள்கொடுக்கின் இனமான ஒரு களையின் விதை கலந்துவிட்டது. 7,200 பேரைச் சோதித்தபோது அவர்களுள் ஏறத்தாழ 1,600 பேருக்குக் கல்லீரல் நோய் காணப்பட்டது. வயிறு வீங்கி மாண்டவர் பலர். போராகோவின் இலையில் இந்நஞ்சு சிறிதளவே. எனினும் 1992இல் ஜெர்மனி அதனையும் கட்டுப்பாட்டில் வைத்தது. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், கல்லீரல் நோயாளரும் இவ்விலையைத் தவிர்ப்பதே நலம். மற்றவரும் மருத்துவரைக் கேளாமல் நாள்தோறும் காய்ச்சிக் குடிக்கலாகாது. இப்னு சீனாவின் கண்டிப்பு ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

போராகோவை வளர்ப்பது கடினமன்று. குளிர்ச்சியை விரும்பும் ஓராண்டுச் செடி அது. உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களுக்கு ஏற்றது. சமவெளியிலாயின் கார்த்திகை மழை ஓய்ந்ததும் விதைத்துப் பனிக்காலத்துக்குள் பூக்க விடவேண்டும். வெயில் ஏறினால் வாடிவிடும். விதை கறுப்பாக, சற்றுப் பெரிதாக இருக்கும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் நேரே நிலத்திலேயே ஊன்றவேண்டும். ஆணிவேர் கீழ்நோக்கி ஓடுவதால் நாற்றுப் பிடுங்கி நடுவதை அது பொறுக்காது. ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். செடிக்குச் செடி ஒன்றரை அடி இடம் விடுக. நீர் தேங்கலாகாது. எருவை அள்ளி இட்டால் தண்டு கொழுத்துச் சாய்ந்துவிடும். காற்றடிக்கும் இடமாயின் ஒரு குச்சி நட்டுக் கட்டவேண்டும்.

ஏறத்தாழ இரண்டு மாதத்தில் மொட்டு வரும். மொட்டு இளஞ்சிவப்பு, விரிந்தால் வானநீலம். ஐந்து முனை நட்சத்திரம், நடுவே கரிய கூம்பு. தேன் வற்ற வற்ற மீண்டும் விரைவில் ஊறுவதால் தேனீக்கள் நாள் முழுதும் அகலா. ஒவ்வொரு பூவிலும் நான்கு விதைகள் வரை முற்றும். அவை ஒன்றாக முற்றுவதில்லை. கீழ்ப்பூவின் விதை உதிரும்போது மேலே மொட்டு விட்டுக்கொண்டிருக்கும். எண்ணெய்க்காக இதனை ஏக்கர் கணக்கில் பயிரிடும் இங்கிலாந்து உழவருக்கு இது பெருந்தொல்லை. வீட்டுத் தோட்டக்காரருக்கு அத்தொல்லை இல்லை. காலையில் செடியடியில் பழைய துணி ஒன்றை விரித்து வைத்தால் மாலைக்குள் அடுத்த ஆண்டுக்கு வேண்டிய விதை விழுந்திருக்கும். துணிக்கு வெளியே விழுந்தவை ஈரம் கண்டதும் தாமாகவே முளைக்கும். அவற்றை இலை வைத்து இனம் காண்பது எளிது: இலையில் மயிர் எழுந்து விரலில் குத்தும்.