காது எலும்பும் எம்-த்ரீ கணக்கும்

கிருஷ்ணன்கோவில் ஹாஸ்டலில் எம்-த்ரீ புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "இந்த ஃபூரியரும் கன்வொல்யூஷனும் எதுக்குடா உதவப்போவுது?" என்று கேட்காதவர் நம்மில் யார்? எனக்கு விடை கிடைத்தது என் அத்தையின் காது ஸ்கேன் ஃபிலிமில்! சீழ் எலும்பை அரித்துவிட்டதா, காதுக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள மெல்லிய எலும்புத் தகடு முழுசாக இருக்கிறதா என்று டாக்டர் அதில்தான் பார்த்தார்.

1971 அக்டோபர் 1-ல் லண்டன் விம்பிள்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. படத்தில் ஒரு புள்ளியே 3 மி.மீ. அகலம். காதின் அங்கவடி எலும்போ மொத்தமே சுமார் 3 மி.மீ. தான். எங்கே தெரியும்?

அதே 1971-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணனோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களை ஃபூரியர் உருமாற்றம் செய்யவேண்டாம். ஒவ்வொன்றையும் கன்வொல்யூஷனால் வடிகட்டி, வந்த வழியே திருப்பிப் பரப்பினால் உள்ளுருவம் கிடைக்கும், கம்ப்யூட்டருக்கும் நேரம் மிச்சம் என்றார்கள். பின்வந்த ஸ்கேனர்கள் இந்த வழியில்தான் போயின. அந்த வடிகட்டிக்கு இன்றும் 'ராம்-லாக்' என்றே பெயர். ஸ்கேன் வெட்டு 1 மி.மீ.க்கும் கீழே மெலிந்தபின் அங்கவடியும் தெரிகிறது.

1979 நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் போனது. கார்மாக்கின் கணக்கு 1963-லேயே வந்துவிட்டது, அதையும் சொல்லவேண்டும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அத்தையிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "நம்மூர்க்காரரா?" என்று கேட்டுவிட்டு, ஃபிலிமை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.