மூச்சு ஊட்டிய கைகள்

பாலக்காட்டுக் கணவாயின் காற்றை நாள்தோறும் உண்டு வாழும் நம் காலனிக் குடும்பத்தார்க்கு, இவ்வாண்டு மலரில் மூச்சினைப் பற்றிய வரலாறு ஒன்றை எழுத விழைந்தோம். யாம் மருத்துவரல்லோம், மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர். எனினும், “வெண்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள்” என்ற சொல் காதில் விழுந்த அளவிலேயே, நோயாளி உயிரோடிருக்க, வீட்டில் அழுகை எழுவதைப் பன்முறை கண்டுள்ளோம். அச்சொல்லின் மெய்ப்பொருள் யாது? வரலாறு விடை கூறும்.

1928-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிலிப் டிரிங்கரும் லூயி ஷாவும் சமைத்த ‘இரும்பு நுரையீரல்’, இளம்பிள்ளை வாதத்தால் மூச்சுத் தசைகள் சோர்ந்த சிறுமி ஒருத்திக்கு முதன்முதலாகப் பயன்பட்டது. நோயாளியின் உடல் பெரிய உருளைப் பெட்டியினுள்ளும், தலை மட்டும் வெளியிலும் இருக்கும். பெட்டிக்குள் காற்றழுத்தம் குறையுந்தோறும் மார்பு விரிந்து, காற்று உட்புகும்.

1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரை அந்நோய் சூறையாடியது. பிளெக்டாம் மருத்துவமனையில் இருந்ததோ ஒரே இரும்பு நுரையீரலும், மார்பில் கவசம்போல் அணிவிக்கும் சிறு கருவிகள் ஆறுமே. அவற்றால் சிகிச்சை பெற்ற முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர். தலைமை மருத்துவர் லாசன், மயக்க மருந்து வல்லுநரான பியோர்ன் இப்சனை அழைத்தார். ஆகஸ்டு 27 அன்று இப்சன், மூச்சுத் திணறிக் கிடந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியின் மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழல் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி மூச்சை ஊட்டினார். சிறுமி பிழைத்தாள். பின்னர் ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் அருகமர்ந்து பையை அமுக்கினர். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அம்மாணவர்களின் கைகள் செய்த பணியைத்தான் இன்றைய வெண்டிலேட்டர் செய்கிறது.

நம் முன்னோர் பூரகம், இரேசகம் என்று பகுத்த இரண்டனுள், பூரகத்தைக் கருவி செய்கிறது. இரேசகத்தை நுரையீரல் தன் சுருங்கும் இயல்பால் தானே செய்துகொள்கிறது. ஆனால் எவ்வளவு காற்று ஊட்டுவது? இதனை அறிய மருத்துவ உலகுக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. நுரையீரல் கடுமையாய்ப் புண்பட்ட 861 நோயாளிகளிடம் செய்த அமெரிக்க ஆய்வொன்று 2000-இல் வெளிவந்தது. உயரத்தைக் கொண்டு கணித்த எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் ஊட்டியபோது நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பதின்மர் இறந்தனர். 6 ஆகக் குறைத்தபோது அது முப்பத்தொன்றாயிற்று. அளவு மிஞ்சிய மூச்சும் நஞ்சே என்று மருத்துவர் கற்ற பாடம் இது.

2020 சனவரி 30 அன்று, நம் அண்டை மாவட்டமாகிய திருச்சூரில் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அவ்வாண்டே கபூர்தலா இரயில் பெட்டித் தொழிற்சாலைத் தோழர்கள் ‘ஜீவன்’ என்னும் வெண்டிலேட்டர் மாதிரியை உருவாக்கினர். இரயில்வேக் குடும்பத்தார் ஆகிய நமக்கு இது பெருமையன்றோ! ஆயினும் கருவியைச் சில வாரங்களில் சமைக்கலாம். அதை நோயாளிக்கேற்ப இயக்கும் மருத்துவரும் செவிலியரும் உருவாகப் பல்லாண்டு வேண்டும்.

இடுக்கி மலைத் தோட்டங்களில் உறவினர் உள்ள குடும்பங்கள் இங்கே பல. அவர்கள் பாம்பை அறிவர். 2022 சனவரி 31 அன்று பாம்பு பிடிப்பதில் புகழ்பெற்ற வாவா சுரேஷைக் கோட்டயம் அருகே நாகம் தீண்டியது. நாகத்தின் நஞ்சு நரம்பின் கட்டளை தசைக்கு எட்டாதவாறு தடுப்பது, மூச்சும் நின்றுபோகும். கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் நஞ்சுமுறி மருந்து தன் வேலையைச் செய்யும் வரை, வெண்டிலேட்டர் அவருக்காக மூச்சு விட்டது. ஒரே வாரத்தில் அவர் நடந்து வீடு திரும்பினார்.

அன்பர்களே! வெண்டிலேட்டர் நோயைத் தீர்ப்பதில்லை. அனைவரையும் பிழைக்க வைப்பதுமில்லை. மருந்தும் உடலும் தம் பணியை முடிக்கும்வரை அவகாசம் ஈட்டித் தருகிறது. ஆதலின் பாம்பு தீண்டினால் மந்திரம், பச்சிலை என்று பொழுதைப் போக்காது, மருத்துவமனைக்கு விரைவீர். அச்சொல்லைக் கேட்டவுடன் நம்பிக்கையைக் கைவிடாதீர், “மூச்சு நின்ற காரணம் என்ன? அது மாறக்கூடியதா?” என்று மருத்துவரிடம் அமைதியாய் வினவுங்கள். அழுகைக்கு முன் எழவேண்டியது அவ்வினாவே என்பது எம் பணிவான விண்ணப்பம்.